கரடி எடுத்த கண்

ஆம்பூர் தோல் ஷாப்புகளில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும், என் தோஸ்தின் வலது கண்ணைக் கரடி எடுத்தது என்றுதான் சொல்வார்கள். அவனும் சாகிற வரை அப்படித்தான் சொன்னான். டீக்கடையில் புது ஆள் எவனாவது கேட்டால், தொப்பியைப் பின்னால் தள்ளி நெற்றித் தழும்பைக் காட்டி, "கரடி" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மலையில் அவனோடு இருந்தவன் நான். கரடி அவன் நெற்றியைக் கிழித்தது, கன்னத்தைக் கிழித்தது. கண்ணை அது தொடவே இல்லை. இதைச் சொல்ல இந்தப் போக்கத்தவனுக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்தைந்து வயது இருக்கும். ஒரே ஷாப்பில் வேலை. அவன் ரகம் பிரிப்பவன். பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு நொடி பார்த்து, முதல் நம்பர், இரண்டாம் நம்பர் என்று வீசுவான். உண்ணி கடித்த புள்ளி, கத்தி பட்ட கோடு, முள் கிழித்த கீறல், எதுவும் அவனுக்குத் தப்பாது. வீட்டில் ஏழு பேர் அந்தக் கண்ணை நம்பித்தான் சாப்பிட்டார்கள். எனக்குச் சுண்ணாம்புக் குழி. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு மிதித்துப் புரட்டுகிற வேலை. கையும் காலும் உரிந்துகொண்டே இருக்கும். குழிக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஒரு பானை நல்ல தண்ணீர் இருக்கும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் அடுத்த மூச்சு விடுவதற்குள் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டவன் கதி என்ன என்று எங்கள் ஷாப்பில் கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் ஷாப்பில் சேர்ந்த முதல் வாரம் சோறு இறங்காது. ஒரு வருஷத்தில் மூக்கு செத்துவிடும். அதற்குப் பிறகு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், அழுகின தோலும் ஒன்றுதான். வீட்டில் பால் தீய்ந்தால் நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தெருமுனையிலிருந்து என் பெண்டாட்டி ஓடி வந்து இறக்குவாள். மோப்பம் போனாலும் கோபம் மட்டும் என் மூக்கு நுனியை விட்டுப் போகவில்லை.

அந்த வருஷம் மலையிலிருந்து கடுக்காய் வரவில்லை. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்குக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டினால்தான் நிறம் நிற்கும். மலைக்காரர்கள் மூட்டை கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். அந்தத் தடவை காட்டிலாகா கார்டுகள் வழியில் மறித்து நாலு பேரை அடித்து நொறுக்கியதால் யாரும் இறங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் முதலாளி அலைந்து திரிந்து ஒரு பர்மிட் வாங்கினார். அதை மலை மேல் இருக்கிற ஊரில் கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். ஒடுகத்தூர் வரை கட்டை வண்டி. அங்கிருந்து விடியலில் ஏறினால் உச்சிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கலாம்.

கிளம்பும்போது என் பெண்டாட்டி துவைத்து மடித்த துண்டு ஒன்றை நீட்டினாள்.

"வேலத் துண்டப் போட்டுக்கினு போவாத. இத எடுத்துக்க."

"மலைக்குப் போறதுக்கு மாப்பிள்ளத் துண்டா? வேற வேல இருந்தா பாரு" என்று விழுந்தேன். ஆணியில் தொங்கிய வேலைத் துண்டை உருவித் தோளில் போட்டேன். அதற்கு முந்தின மாலை வரை குழியில் அதைத்தான் இடுப்பில் கட்டியிருந்தேன். சுண்ணாம்பு காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

மலை எங்களுக்குப் புதிது. அடிவாரத்தில் ஜோராகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் உயிர் போக ஆரம்பித்தது. மாசி வெயிலில் காய்ந்த புல் காலடியில் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கியது. ஓர் இடத்தில் நான் முழங்காலைப் பாறையில் இடித்து, எலும்பு தெரிகிற அளவுக்குச் சதை பெயர்ந்தது. பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாடு போன தடம் முள்ளில் போய் முடியும், திரும்பி வர வேண்டும். சூரை முள் பின்பக்கமாக வளைந்திருக்கும், முன்னால் போனாலும் கிழிக்கும், பின்னால் வந்தாலும் கிழிக்கும். என் கையிலும் முதுகிலும் ரத்தக் கோடு கோடாக விழுந்தது. தோஸ்த் என்னை நிற்க வைத்து, தோலைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"நம்ம சரக்கக் கெடுக்கிற முள்ளு இதுதான்டா. இப்ப நீ மூணாம் நம்பர்."

"நீ இன்னா, முதல் நம்பரா?"

"நான் எக்ஸ்போர்ட்டு" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் போனோம், பூனைக்காலிக் கொடி மேலே விழும் வரை. அதன் காயில் பொன்னிறமாகச் சுணை இருக்கும். பட்டால் போதும், உடம்பே தீப்பிடித்துவிடும். நான்தான் கொடியைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த காய்கள் குலுங்கி எங்கள் கழுத்திலும் முதுகிலும் சுணை கொட்டியது. நகத்தால் பிராண்டிப் பிராண்டி ரத்தம் வந்தும் அரிப்பு நிற்கவில்லை. மரத்தில் முதுகைத் தேய்த்து அழுதேன். அதைப் பார்த்து அவன் சிரித்தான். அவனுக்கும்தான் அரித்தது, இருந்தும் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் வாயிலேயே குத்தினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சரிவில் உருண்டதில், அவன் தோளில் தொங்கிய சுரைக்குடுவை பாறையில் மோதி உடைந்தது. எங்களிடம் இருந்த தண்ணீர் அவ்வளவுதான். உடைந்த ஓட்டில் ஒட்டியிருந்த இரண்டு வாய் தண்ணீரை அவன் என்னிடம் நீட்டினான். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் கூடை, கையில் கொடுவாள். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். இடது பக்கம் இறங்குகிற ஓடையைக் காட்டினார்.

"அதுல குட்டை இருக்கு. ஊருக்கும் அது குறுக்கு வழி. ஆனா இன்னிக்கு வேணாம். கரடி நாத்தம் அடிக்குது. வலப்பக்கம் சுத்திப் போயிடுங்க."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என்றைக்குத் தெரிந்தது?

"சுத்திப் போலாம்டா" என்றான் தோஸ்த்.

"நாக்கு ஒட்டிக்கினு சாவறேன், சுத்திப் போவணுமா? ஒரு நாத்தமும் இல்ல. நம்ம ஷாப்பு வாடைக்குக் கரடி சீமைக்கே ஓடிப் போயிடும், வா."

மலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடையில் இறங்கினேன். தோஸ்த் என்னைத் தனியே விடுகிறவன் இல்லை. பின்னாலேயே வந்தான்.

குட்டையில் இறங்கிக் குடித்தோம். பச்சைத் தண்ணீர், தேவாமிர்தமாக இருந்தது. குடித்துவிட்டு அவன் முன்னால் நடந்தான். இருபது அடி போயிருப்பான். ஒரு கறையான் புற்றின் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது. அதன் முதுகிலிருந்து குட்டி ஒன்று கீழே விழுந்ததைப் பார்த்தேன். தாய்க்கரடி கத்தின கத்தலில் எனக்குக் காலோடு போய்விட்டது. முன்னங்கால் இரண்டையும் விரித்து அவன் மேல் விழுந்தது. நான் ஓடினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பத்து அடி ஓடினேன். அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதால் நின்றேன்.

திரும்பி ஓடி, கையில் கிடைத்த கல்லால் அதன் முதுகில் அடித்தேன், மண்டையில் அடித்தேன். மெத்தையை அடிப்பதுபோல் இருந்தது. அது அவன் தலையைக் கவ்வி உலுக்கியது. நான் கத்தினேன், அவன் கத்தினான், கரடியும் கத்தியது. மேலே இருந்து மலைக்காரர் கொடுவாளைப் பாறையில் மாறி மாறி அடித்துக்கொண்டு கூச்சல் போட்டபடி இறங்கி வந்தார். அந்த இரும்புச் சத்தத்துக்குத்தான் கரடி அவனை விட்டது. குட்டியைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

அவன் மல்லாந்து கிடந்தான். நெற்றித் தோல் கழன்று கண்ணின் மேல் மடிந்து தொங்கியது. கன்னத்துக் கிழிசல் வழியே பல் தெரிந்தது. மடிந்த தோலை நான் விரலால் தூக்கினேன். அடியில் இரண்டு கண்ணும் இருந்தன. என்னைப் பார்த்தன.

"கண்ணு இருக்காடா?" என்று கேட்டான்.

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"அல்லா. அப்ப பொழச்சிப்பேன்" என்றான்.

ரத்தம் நிற்காமல் வந்தது. மலைக்காரர் பச்சிலை பறிக்கப் போனார். என் பொறுமை எங்கே நின்றது? தோளிலிருந்த துண்டை உருவிக் குட்டைத் தண்ணீரில் முக்கினேன். தோலை மேலே தூக்கி வைத்து, நெற்றியோடு கண்ணையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அதற்குள் இலையோடு வந்த மலைக்காரர் குனிந்து முகர்ந்தார்.

"இந்தத் துணி வேணாம். என்னமோ காரமா வாடை வருது."

"உன் மூக்க மூடிக்கினு கழி ஒண்ணு வெட்டுய்யா" என்று கத்தினேன்.

அவர் இலையைக் கீழே போட்டார். மூங்கில் கழி வெட்டினார். என் வேட்டியை அதில் தூளியாகக் கட்டி, அவனை உள்ளே கிடத்தி, முன்னால் நானும் பின்னால் அவருமாகத் தூக்கினோம். மூன்று மணி நேர இறக்கம். கழி தோளை அறுத்தது. அவன் முதலில் முனகினான். பிறகு எரியுது என்றான்.

"கண்ணு எரியுதுடா. அவுத்து விடு."

"ரத்தம் எறங்கி எரியுது. பொறுத்துக்க பாய்."

"ரத்தம் இல்லடா. தீயா எரியுது. அவுருடா, உன் கால்ல விழறேன்."

துண்டைப் பிய்க்கப் பார்த்தான். அவிழ்த்தால் ரத்தம் பீறிட்டுச் செத்துப்போவான் என்று நான் நினைத்தேன். அது மட்டும் நிஜம். தூளியை இறக்கி வைத்து அவன் கையில் அடித்தேன். மறுபடி கையைக் கொண்டுபோனான். தூளி வேட்டியின் கரையைக் கிழித்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினேன். தோலைக் கட்டுகிற முடிச்சு, அவிழாது. அதற்குப் பிறகு அவன் வழி முழுக்க அலறினான். குழிக்குப் பக்கத்தில் பானை வைத்து ஏழு வருஷம் வேலை செய்தவன் நான். எனக்கு அந்தப் பானை ஞாபகமே வரவில்லை.

அடிவாரத்தில் வண்டி பிடித்தோம். மலைக்காரர் தூளியை இறக்கிவிட்டு, பர்மிட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வந்த வழியே ஏறிப் போனார். அவர் தோளில் சதை பிய்ந்து இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கேட்டுக் கொடுக்கவில்லை.

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரியில் அவனை மயக்கி உள்ளே வைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து துண்டை ஒரு தட்டில் போட்டு என்னிடம் காட்டினார். அதன் ஒரு முனை வெள்ளையாகக் குழம்பியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்பே விளங்கிவிட்டது.

"ஆளு பொழச்சிடுவார். கரடி கண்ணத் தொடல. சுண்ணாம்பு வலது கண்ண வேக வெச்சிடுச்சு. இத யாரு கட்டினது?"

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு, "மலைக்காரன் ஒருத்தன்" என்றேன்.

இரண்டே வார்த்தை. சொல்லும்போது நாக்கு குழறக்கூட இல்லை.

கம்பவுண்டர் வழியாக அது அவன் அண்ணன்கள் காதுக்குப் போயிற்று. அவர்களும் எங்கள் ஷாப்பில்தான், ஈரத்தோல் சுமக்கிறவர்கள், கை ஒவ்வொன்றும் உலக்கை. இரண்டு மாதம் கழித்து, பர்மிட்டோடு கடுக்காய் மூட்டை சுமந்து மலைக்காரர்கள் ஆறேழு பேர் எங்கள் ஷாப்புக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் அவர். குழியில் இருந்த என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அவரு எப்படி இருக்காரு? கண்ணு தெரியுதா?" என்று கேட்டார்.

அண்ணன்களுக்கு அது போதுமாக இருந்தது. மூட்டை தலையில் இருக்கும்போதே பெரியவன் முகத்தில் அடித்தான். கடுக்காய் தரையெல்லாம் சிதறியது. கீழே விழுந்தவரைச் சின்னவன் விலாவில் மிதித்தான். கூட வந்தவர்களை வேலைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சவ்வு எடுக்கிற கட்டையில் அவர் தலையை மோத வைத்தார்கள். இரண்டு பல் என் குழிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். நான் சொல்வேன் என்று பார்த்தார். நான் முழங்கை வரை சுண்ணாம்பில் நின்றுகொண்டிருந்தேன். பயம்தான். ஷாப்பு போய்விடும், அவன் போய்விடுவான், ஊர் காறித் துப்பும் என்கிற பயம். ஒரு மனுஷன் என் பொய்க்காக மிதிபடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோஸ்த் அன்றைக்குத்தான் மறுபடி வேலைக்கு வந்திருந்தான். ஒற்றைக் கண்ணால் ரகம் பிரிக்க முடிகிறதா என்று முதலாளி பார்க்கச் சொல்லியிருந்தார். தோலைப் போட்டுவிட்டு ஓடி வந்து அண்ணன்களை இழுத்தான்.

"விடுங்க. இவரு என் மூஞ்சக் கட்டல."

"அப்ப எவன்டா கட்டினது? சொல்லு, அவன இங்கயே பொதைக்கிறேன்" என்றான் பெரியவன்.

ஷாப்பு முழுக்க நின்றுவிட்டது. கட்டினபோது அவனுக்கு நினைவு இருந்தது. என் குரல் தெரியும். கையைக் கட்டினவன் யார் என்று தெரியும். சுண்ணாம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரியாத முட்டாளா அவன்? என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் கட்டல. கண்ணக் கரடிதான் எடுத்துச்சு. டாக்டருக்கு இன்னா தெரியும், அவரா மலையில இருந்தாரு?" என்றான்.

அன்றிலிருந்து அது கரடி எடுத்த கண் ஆயிற்று. அவன் மலைக்காரரைத் தூக்கி உட்கார வைத்து வாயைக் கழுவிவிட்டான். குழிப் பக்கத்துப் பானைத் தண்ணீரில்தான் கழுவினான். என்னோடு அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றான். கையில் புதுத் துண்டு.

"ரெண்டு தரம் அலசிட்டேன். இத எடுத்துக்கினு மலைக்குப் போ."

"எதுக்கு?"

"எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேக்கவும் மாட்டேன். அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லு. சொல்லிட்டு வந்தா நாம பேசலாம். இல்லன்னா வேணாம்."

தனியாக ஏறினேன். அதே புல், அதே முள். பூனைக்காலியைச் சுற்றிக்கொண்டு போனேன், ஓடையையும் சுற்றிக்கொண்டு போனேன். அவர் வீட்டு முற்றத்தில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. உதடு வீங்கி, ஒரு கண் மூடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். துண்டு என்னுடையது, கட்டினது நான், ஆஸ்பத்திரியில் உங்களைச் சொன்னது நான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவர் எழுந்து வர நேரம் ஆயிற்று. விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்து புறங்கையால் என் மூக்கில் ஓர் அறை விட்டார். கடுக்காய் மேல் போய் விழுந்தேன். எழுந்தேன். இன்னொன்று விட்டார். மறுபடி விழுந்தேன். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன், அவருக்கு மூச்சு வாங்கியது.

"எந்திரி" என்றார். "பொழுது சாயறதுக்குள்ள எறங்கணும். கரடி வழிய மாத்திக்கிச்சு. உனக்கு வாடை தெரியாது."

கொடுவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நொண்டி நொண்டித்தான் நடந்தார். பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, முகத்தை உயர்த்திக் காற்றை மோப்பம் பிடித்தார். அவர் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். என் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. புதுத் துண்டை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். அது எரியவில்லை.